கொக்கியால் மலரும் சிற்றணிகள்

மனிதன் கையாளும் கருவிகளுள் மிக எளியனவற்றை வரிசைப்படுத்தின் குரோசேக் கொக்கிக்கு அவ்வரிசையின் முன்னணியில் இடங்கொடுத்தல் வேண்டும். எழுதுகோலை ஒத்த ஒரு சிறு கம்பி. அதன் முனையில் நூலைப் பற்றி இழுப்பதற்கு ஒரு வளைவு. இவ்வளவே அதன் அமைப்பு. தறி வேண்டியதில்லை, சட்டம் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. இக்கொக்கி ஒன்றும் பருத்தி நூற்கண்டு ஒன்றும் கைவசம் இருப்பின், பழகிய ஒருவர் கால்மணி நேரத்தில் ஒரு பூவை ஆக்கிவிடுவர். புதிதாகத் தொடங்குபவருக்கு அதே பூ ஒரு மாலைப்பொழுதைக் கேட்கும். அவ்வாறு ஆக்கிய பூவையும் இலையையும் கிளிஞ்சலையும் திறப்புக் கோவையில் தொங்கவிடலாம். புத்தகத்தில் அடையாளமாக வைக்கலாம். குழந்தையின் சட்டைக் கழுத்தில் தைக்கலாம். இயற்கையின் உருவங்களைத் தழுவிய இச்சிற்றணிகளைத் தொடக்கநிலையில் உள்ளவர் எவ்வாறு பின்னலாம் என்பதும், இச்சிறு தொழிலின் பின்னே நிற்கும் பெரிய வரலாறு யாது என்பதும் இன்றைய பேச்சின் பொருளாகும்.

குரோசே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பதே அதன் பொருள். நமது வீடுகளில் வழங்கும் ரேந்தை என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. எனினும் ரேந்தை யாவும் ஒரே முறையில் ஆக்கப்படுவன அல்ல. இலங்கையின் தென்கரையில், காலி, வெலிகமை முதலிய ஊர்களில், தலையணை போன்ற திண்டின்மீது மரக்குச்சிகள் பலவற்றைப் புரட்டிப் புரட்டி ஆக்கப்படும் பீரளு ரேந்தை ஒரு வகை. கம்பளிச் சட்டை பின்னுவோர் இரண்டு நீண்ட ஊசிகளிற் பல கண்ணிகளை ஒருங்கே தாங்கிப் பின்னுவது இன்னொரு வகை. குரோசேயில் எந்நேரத்திலும் கொக்கியின்மேல் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணியே. தொடக்கநிலையினருக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. கம்பளி பின்னுபவர் ஊசியைத் தவறவிட்டாற் பல கண்ணிகள் நழுவிவிடும். குரோசே பின்னுபவரோ பிழை கண்ட இடம்வரை நூலை இழுத்து அவிழ்த்து, அந்த ஒரு கண்ணியை மீண்டும் கொக்கியில் ஏற்றிக்கொண்டு மேலே செல்லலாம். நூலுக்கும் பெருஞ்சேதமில்லை, வேலைக்கும் சேதமில்லை.

இயற்கை உருவங்களைத் தனித்தனியே பின்னும் முறை மிகுந்த சிறப்பெய்திய நாடு அயர்லாந்து. அச்சிறப்பு இன்பமான சூழலிற் பிறந்ததன்று. 1845ஆம் ஆண்டில் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கொடிய நோய் பற்றியது. பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிரே அதற்குக் காரணம். செடிகள் கறுத்தன, நிலத்தினுள் இருந்த கிழங்குகள் அழுகின. ஏழை உழவர்களுக்கு உருளைக்கிழங்கே காலையுணவும் இரவுணவுமாக இருந்தமையால், பயிர் பொய்த்ததும் பட்டினி நாடெங்கும் பரவியது. 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 81 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மக்கள்தொகை, 1851ஆம் ஆண்டில் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்துவிட்டது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் பிறநாடு சென்றனர்.

இந்த இருண்ட காலத்திலேதான் குரோசேக் கொக்கி அந்நாட்டுக் குடிசைகளுட் பரவலாகப் புகுந்தது. கோர்க் நகரின் அருகே பிளாக்றொக் என்னும் இடத்தில் இருந்த அர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரிகள் பெண்பிள்ளைகளுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். வடபாலுள்ள குளோன்ஸ் என்னும் ஊரில், அங்குள்ள அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவரின் மனைவியாகிய கஸாண்ட்ரா ஹாண்ட் 1847ஆம் ஆண்டளவில் ஆசிரியை ஒருவரை வருவித்துத் தம் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியளிக்க ஏற்பாடு செய்தார். நூலைக் கொக்கியின்மேல் பலமுறை சுற்றி இறுக்கி ஆக்கும் திரட்சியான முடிச்சொன்று இன்றும் குளோன்ஸ் முடிச்சு என்றே வழங்குகின்றது. எலனோர் றியேகோ டி லா பிரான்சார்டியேர் என்னும் நீண்ட பெயருடைய ஒரு பெண்மணி, அயர்லாந்துத் தாய்க்குப் பிறந்தவர், 1846ஆம் ஆண்டு தொடக்கம் பின்னல் முறைகளை நூல் வடிவில் வெளியிட்டு அவை நாடெங்கும் பரவ வழிசெய்தார்.

வெனிஸ் நகரத்து ஊசி ரேந்தை அக்காலச் செல்வர்களால் மிக விரும்பப்பட்டது. ஆயின் அதனை ஆக்குவதற்கு நெடுங்காலஞ் செல்லும். அதன் தோற்றத்தைக் கொக்கியினால் விரைவிற் பெறலாம் என்பதே அயர்லாந்துப் பெண்கள் கண்ட வழி. றோசாப்பூ, மூவிலைச் செடி, திராட்சை இலை, பன்னம், காட்டுப்பழக் கொத்து என ஒவ்வோர் உருவத்தையும் அவர்கள் தனித்தனியே பின்னினர். உருவத்தின் ஓரம் புடைத்து நிற்கும்பொருட்டுத் தடித்த கயிற்றிழையொன்றை உள்ளே வைத்து அதன்மேற் பின்னினர். பின்னர் அவ்வுருவங்களை ஒரு துணியின்மேல் விரும்பிய கோலத்தில் ஊசியால் இழையோட்டி நிறுத்தி, இடைவெளிகளை வலைபோன்ற பின்னலால் நிரப்பினர். இறுதியில் இழையை வெட்டித் துணியை நீக்கியதும் ரேந்தை முழுமையாய்க் கையில் வந்தது.

இம்முறை ஏழைக் குடிசைக்கு எவ்வளவு பொருத்தமாயிருந்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் தகும். முழு ஆடையையும் ஒருவரே ஆக்க வேண்டியதில்லை. ஒருத்தி இலை பின்னுவாள். மற்றொருத்தி பூப் பின்னுவாள். தேர்ந்த கையுடையவள் எல்லாவற்றையும் இணைப்பாள். உருவம் உள்ளங்கையில் அடங்குவது. குழந்தை அழுதால் கீழே வைக்கலாம்; அடுப்பு மூட்டிய பின் மறுபடி எடுக்கலாம். புதிதாகக் கற்பவளும் முதல் வாரத்திலேயே பயன்படும் ஓர் உருவத்தை ஆக்கிவிடலாம். இவ்வாறு ஈட்டிய பணத்தினால் உணவு வாங்கிய குடும்பங்களும், வாடகை செலுத்திய குடும்பங்களும், கடல்கடந்து செல்லக் கப்பற் கூலி சேர்த்த குடும்பங்களும் பல. இக்காலத்தில் விளையாட்டாகத் தொங்கவிடப்படும் சிறு பூவும் இலையும் அன்று ஒரு வீட்டின் உலைநீரைக் கொதிக்கவைத்தன.

இனிப் பின்னும் முறையைக் காண்போம். தொடங்குபவர் மெல்லிய நூலையும் மிகச் சிறிய எஃகுக் கொக்கியையும் நாடுதல் கூடாது. ஓரளவு தடித்த பருத்தி நூலும், இரண்டரை அல்லது மூன்று மில்லிமீற்றர்க் கொக்கியும் ஏற்றவை. நூல் வெளிர்நிறமாயிருத்தல் நலம். கறுப்பு நூலிலும் கடுநீல நூலிலும் கண்ணிகள் எங்கே உள்ளன என்பது பழகாத கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் நூலில் ஒரு சுருக்குக் கண்ணியிட்டு அதனைக் கொக்கியில் ஏற்ற வேண்டும். நூலைக் கொக்கியின்மேல் ஒருமுறை சுற்றி அக்கண்ணியின் ஊடாக இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி பிறக்கும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்தாற் சங்கிலி நீளும். முதல் நாளில் இச்சங்கிலியை மட்டும் பின்னிப் பழகுதல் போதும். கண்ணிகள் யாவும் ஒரே அளவாய் வரும்வரை அடுத்த படிக்கு விரைய வேண்டியதில்லை.

அடுத்தது குட்டைக் கண்ணி. கொக்கியை முன்னுள்ள ஒரு கண்ணியினுள் நுழைத்து நூலைப் பற்றி இழுத்தால் கொக்கியின்மேல் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைப் பற்றி அவ்விரண்டின் ஊடாகவும் ஒருங்கே இழுத்துவிட வேண்டும். மூன்றாவது நெட்டைக் கண்ணி. இதற்கு, கொக்கியை நுழைப்பதற்கு முன்னரே நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். நுழைத்து நூலை இழுத்தபின் கொக்கியின்மேல் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலைப் பற்றி முதல் இரண்டின் ஊடாக இழுத்து, மறுபடி பற்றி எஞ்சிய இரண்டின் ஊடாக இழுத்தால் நெட்டைக் கண்ணி நிறைவெய்தும். இவற்றோடு, கொக்கியை நுழைத்து நூலைப் பற்றி எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே இழுப்பில் கொணரும் இணைப்புக் கண்ணியையும் அறிந்துகொண்டால், தொடக்கநிலைக்கு வேண்டிய அரிச்சுவடி முற்றுப்பெற்றுவிடும்.

இந்நான்கு கண்ணிகளைக் கொண்டே மூவிலை ஒன்றைப் பின்னலாம். ஆறு சங்கிலிக் கண்ணிகளைப் பின்னி, இறுதிக் கண்ணியை முதற் கண்ணியோடு இணைப்புக் கண்ணியாற் சேர்த்தால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். வளையத்திலிருந்து மூன்று சங்கிலிக் கண்ணிகள் எழுப்பி, வளையத்தின் உள்ளே மூன்று நெட்டைக் கண்ணிகள் இட்டு, மீண்டும் மூன்று சங்கிலிக் கண்ணிகள் பின்னி, வளையத்தினுள் இணைப்புக் கண்ணியால் முடிக்க வேண்டும். இஃது ஓர் இதழ். இவ்வாறே மூன்று இதழ்கள் பின்னி, பின்னர்ப் பத்துச் சங்கிலிக் கண்ணிகள் நீட்டி, அவற்றின்மேல் குட்டைக் கண்ணிகளாற் பின்னிக்கொண்டு வளையத்துக்குத் திரும்பினால் காம்பும் அமைந்துவிடும். மூன்று இதழுக்குப் பதில் ஐந்து இதழ் பின்னிக் காம்பை விட்டுவிட்டால் அதுவே பூவாகும். ஒரே இதழைக் கற்றவர் இரண்டு உருவங்களைக் கற்றவராகின்றார்.

நீண்ட இலைக்கு வேறொரு முறை உண்டு. ஒன்பது சங்கிலிக் கண்ணிகள் பின்னி, கொக்கிக்கு அடுத்துள்ளதை விட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கி, இரண்டு குட்டை, நான்கு நெட்டை, மீண்டும் இரண்டு குட்டை என எட்டுக் கண்ணிகள் இட வேண்டும். முனையில் இரண்டு சங்கிலிக் கண்ணிகள் பின்னி, வேலையைத் திருப்பி, அதே சங்கிலியின் மறுபுறத்திலும் அவ்வாறே எட்டுக் கண்ணிகள் இட்டு இணைத்துவிட்டால், நடுவே நரம்போடிய இலை கிடைக்கும். ஓரங்களிற் குட்டையும் நடுவில் நெட்டையுமாக வைத்தமையாலேயே இலையின் வயிறு அகன்று நுனி கூர்கின்றது. கண்ணியின் உயரமே உருவத்தின் எல்லைக்கோடு என்பதை இவ்விலை கற்பிக்கின்றது.

வட்டமான உருவங்களுக்கு உரிய விதி இன்னும் சுவையானது. ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு குட்டைக் கண்ணிகள் இட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆறாறு கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே சென்றாற் பின்னல் தட்டையாக விரியும். எவ்விடத்திற் கூட்டுவதை நிறுத்துகின்றோமோ அவ்விடத்திற் பின்னல் மேல்நோக்கி எழுந்து கிண்ணம்போலாகும். காளானின் குடையும் சிறு பழங்களும் இவ்வாறு பிறப்பன. ஆறுக்கு மேற்பட்ட கண்ணிகளைக் கூட்டினாலோ ஓரம் இடங்கொள்ளாது நெளிந்து மடியும். சேவற்கொண்டைப் பூவும் கடற்பவளமும் அவ்வகைத் தோற்றத்தன.

இந்த நெளிவு கணித அறிஞர்களுக்கும் துணைசெய்தது. லத்வியா நாட்டிற் பிறந்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய டைனா தைமினா என்னும் பெண்மணி, தட்டையான தளத்துக்குரிய யூக்கிளிட்டின் விதிகள் பொருந்தாத ஒருவகை வளைந்த தளத்தை மாணவர்க்குக் காட்ட விரும்பினார். கடதாசியால் ஆக்கிய மாதிரிகள் கைபட்டுக் கிழிந்தன. 1997ஆம் ஆண்டில் அவர், ஒரே விகிதத்திற் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு சென்று, அத்தளத்தைக் குரோசேயினாற் பின்னிக் காட்டினார். 2005ஆம் ஆண்டில் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்னும் இரட்டைச் சகோதரியர் அம்முறையைக் கைக்கொண்டு, வெப்பத்தால் வெளிறி அழியும் பவளப்பாறைகளை மக்கள் நினைவிற் கொள்ளும்பொருட்டு நூற்பவளப் பாறையொன்றைப் பின்னத் தொடங்கினர். பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் தத்தம் கையாற் பின்னி அதிற் பங்குகொண்டனர். 1998ஆம் ஆண்டிற் கடல் வெப்பமுற்றபோது இலங்கையின் ஹிக்கடுவைப் பவளப்பாறைகளும் பெரிதும் வெளிறி மடிந்தன என்பதை நினைக்கும்போது, இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று.

தொடங்குபவர் இடறும் இடங்கள் சில உள. முதலாவது, நூலை இறுகப் பிடித்தல். பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் விரல்களை இறுக்குகின்றது. விரல்கள் கண்ணியை இறுக்குகின்றன. இறுகிய கண்ணியினுட் கொக்கி நுழைய மறுக்கின்றது. கையைத் தளர்த்துதலும், வேண்டின் ஓரளவு பெரிய கொக்கியை எடுத்தலுமே இதற்கு மருந்து. இரண்டாவது, எண்ணாது பின்னுதல். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணிக்கொள்ளல் வேண்டும். ஒரு கண்ணி குறைந்த இலை ஒருபுறம் சரிந்து நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. மூன்றாவது, நூல்களைப் பார்த்துப் பின்னுவோர்க்கு நேரும் மயக்கம். ஆங்கில நாட்டு நூல்கள் டபிள் குரோசே என்று கூறும் கண்ணியை அமெரிக்க நூல்கள் சிங்கிள் குரோசே என்று கூறும். அங்கே ட்ரெபிள் எனப்படுவது இங்கே டபிள் ஆகிவிடும். ஆதலின், நூல் எந்நாட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளாதவர் பின்னிய பூ, படத்திலுள்ள பூவின் இருமடங்காகவோ பாதியாகவோ முடிதல் கூடும்.

பின்னி முடித்த உருவம் முதலிற் சுருண்டு துவண்டு கிடக்கும். அதனைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. தொங்கும் நூல் நுனிகளைத் தையலூசியிற் கோத்துப் பின்புறத்துக் கண்ணிகளுள் ஒருதிசையிலும் எதிர்த்திசையிலும் ஓட்டி மறைத்துவிட்டு, வடித்த சோற்றுக் கஞ்சியைச் சிறிது நீர்சேர்த்து வடிகட்டி, அதில் உருவத்தைத் தோய்த்துப் பிழிய வேண்டும். பின்னர் துணி விரித்த பலகையின்மேல் இதழ் இதழாக இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசிகளாற் குத்தி நிழலில் உலரவிட்டால், உருவம் விறைத்து அழகுற நிற்கும். கஞ்சியிட்டதைப் பூச்சிகள் நாடும். ஆகையால் நன்றாக உலர்ந்த பின்னரே பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் கற்றபின் சிலர் இதனை விற்கவும் எண்ணுவர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. ஆந்திர நாட்டின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபூர் என்னும் ஊர் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிறிஸ்தவ மிசனரிமாரின் வழியாக அப்பகுதிப் பெண்கள் குரோசே ரேந்தையைக் கற்றனர். அவர்கள் பின்னியவை மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். நாள்தோறும் பல மணிநேரம் பின்னிய பெண்கள் மிகச் சொற்பமான கூலியே பெற்றனர் என்பதையும், வணிகத்தின் ஊதியம் பிறர் கைக்குச் சென்றது என்பதையும் அந்நூல் எடுத்துக்காட்டியது. அவர்கள் வேலை செய்பவர்களாகவே கருதப்படவில்லை. வீட்டில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தைப் போக்குகின்ற இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். வேலை என்று பெயர்பெறாத வேலைக்கு நியாயமான கூலியை எவர் கொடுப்பர்?

கைப்பின்னலின் விலையைக் கணிப்போர் நூலின் விலையை மட்டும் எண்ணுதல் வழக்கம். ஒரு பூவுக்கு வேண்டிய நூல் சில முழங்களே. அதன் விலை மிகச் சொற்பமே. ஆனால் அப்பூவினுள் அரைமணி நேரம் ஒருவருடைய கண்ணும் விரலும் அடங்கியிருக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் நான்கு பூக்கள் பின்னும் ஒரு பெண், அந்நான்கையும் விற்றால் இரண்டு மணி நேரக் கூலியேனும் தம் கைக்கு வருகின்றதா என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். வாங்குபவரும், பேரம் பேசுமுன், அந்த நேரத்தை ஒருகணம் எண்ணுதல் வேண்டும். இதனைப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்கள் கண்ணிகளின் கணக்கோடு இக்கணக்கையும் சேர்த்தே கற்பித்தல் சிறப்பு. பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய தொழில் இது என்று ஒதுக்குவதும் பொருந்தாது. வலை பின்னும் கடற்றொழிலாளர் ஆண்களே அன்றோ? கண்ணியும் முடிச்சும் அவர்களுடைய விரல்களுக்குப் புதியன அல்ல.

விற்பதற்கன்றி மனமகிழ்ச்சிக்காகவே பின்னுவோரும் இதனால் ஒரு பெரும்பயன் அடைவர். இலையைப் பின்ன விரும்புபவர் இலையைப் பார்க்க வேண்டியவராகின்றார். பூவரசிலை எவ்விடத்தில் அகல்கின்றது, நந்தியாவட்டைப் பூவின் இதழ்கள் எப்புறமாகச் சுழல்கின்றன, கிளிஞ்சலின் வரிகள் எங்கே தொடங்கி எங்கே விரிகின்றன என்பவற்றை நாள்தோறும் கண்டும் காணாதவராய் இருந்தவர், கொக்கியைக் கையில் எடுத்த பின்னர் நின்று நோக்குகின்றார். முற்றத்து மரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலையை மேசைமீது வைத்து, அதன் நீளத்துக்குச் சங்கிலியும் அகலத்துக்கு நெட்டைக் கண்ணியும் இட்டுப் பார்ப்பதே தொடங்குபவருக்கு ஏற்ற அடுத்த பாடம். முதல் இலை சரிந்து நிற்கலாம். இரண்டாவது இலை சுருளலாம். நூலை இழுத்தால் இரண்டும் அவிழ்ந்து மீண்டும் நூலாகிவிடும். அந்நூலிலிருந்தே மூன்றாவது இலையைத் தொடங்கலாம்.